கப்பல் தொடும் ஊர்கள்

ரயிலுக்குத் தண்டவாளம் உண்டு. பஸ்ஸுக்குச் சாலை உண்டு. கப்பலுக்கு இரண்டும் கிடையாது. ஆகையால் கப்பல் நினைத்த திசையில் போகலாம், நினைத்த ஊரில் நிற்கலாம் என்று கரையில் இருக்கிறவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். உண்மை இதற்கு நேர்மாறானது. ராஜபாளையத்துக்கும் தென்காசிக்கும் நடுவே ஒரு டவுன் பஸ் நிற்கிற இடங்களை எண்ணிப் பாருங்கள். பிறகு தமிழ்நாட்டின் ஆயிரம் கிலோமீட்டர் கடற்கரையில் பிரயாணிக் கப்பல் நிற்கிற இடங்களை எண்ணிப் பாருங்கள். முதல் கணக்குக்கு இரண்டு கை விரல்கள் போதாது. இரண்டாவது கணக்குக்கு ஒரு கையில் பாதி விரல் மிச்சமாகிவிடும்.

கடலே இல்லாத செட்டியார்பட்டியில் உட்கார்ந்துகொண்டு கப்பலைப் பற்றி எழுதுகிறானே என்று நேயர்கள் சிரிக்கக்கூடும். எங்கள் ஊரிலிருந்து மேற்கே பார்த்தால் மலை; கிழக்கே பார்த்தால் கரிசல் காடு. உப்புக் காற்று என்பது பங்குனி, சித்திரையில் வேர்வையாகத்தான் எங்களுக்குத் தெரியும். ஆனால் கடலுக்கும் எங்களுக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. இந்தச் சீமையில் விளைந்த பருத்தி தூத்துக்குடி வழியாகத்தான் கடல் கடந்தது. இங்கே பிழைப்பு அற்றுப்போன குடும்பங்கள் கண்டிக்கும், மலேயாவுக்கும், பர்மாவுக்கும் கப்பலேறின. கடல் எங்களுக்குக் காட்சிப் பொருளாக இருந்ததில்லை. வாசற்படியாக இருந்தது.

இந்த விஷயத்தை எழுத வேண்டும் என்ற எண்ணத்தை உண்டாக்கியவர் எங்கள் தெருவில் இருக்கும் வாத்தியார் அண்ணாச்சி. அவருடைய மகன் சிங்கப்பூரில் உத்தியோகம் பார்க்கிறான். அப்பா அம்மாவை வரவழைத்து இரண்டு வருஷத்தில் இரண்டு தடவை உல்லாசக் கப்பலில் ஏற்றிவிட்டான்.

"தம்பி, கப்பல் கல்யாண வீடு மாதிரி இருக்கு. சாப்பாட்டுக்குக் குறைச்சல் இல்லை. ஆனா ரெண்டு தடவையும் அதே பினாங்கு, அதே புக்கெட். மூணாவது தடவை டிக்கெட் எடுக்கட்டுமான்னு மகன் கேட்டான். வேற ஊருக்குப் போற கப்பல் இருந்தா எடு, இல்லைன்னா வேண்டாம்னுட்டேன்" என்றார் அண்ணாச்சி.

மதினிக்கு வேறு குறை. "ஒரு ஊர்ல கால் வச்சு, கோயில் எங்கே இருக்குன்னு விசாரிச்சு, காய் என்ன விலைன்னு கேக்கிறதுக்குள்ளே சங்கு ஊதிடுதான். அப்புறம் ஒரு நாள் பூரா வெறும் தண்ணியைப் பார்த்துக்கிட்டு இருக்கணும்" என்றார்.

இது அவர்கள் இரண்டு பேருடைய குறை மட்டும் அல்ல. உல்லாசக் கப்பலில் ஒரு தடவைக்கு மேல் போனவர்கள் உலகம் முழுவதும் சொல்லும் குறை இதுதான். இவ்வளவு பெரிய கடல் இருக்கிறது, இத்தனை கரைகள் இருக்கின்றன; ஏன் எல்லாக் கப்பல்களும் அதே நாலைந்து ஊர்களையே சுற்றிச் சுற்றி வருகின்றன? கப்பல் எந்த ஊரைத் தொட வேண்டும் என்று தீர்மானிப்பவர் யார்? கேள்வி சின்னதுதான். பதில் தேடப் போனால் இரண்டாயிரம் வருஷச் சரித்திரம் பின்னால் வருகிறது.

நம் கடற்கரையைப் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய பிரயாண அட்டவணை ஒரு கிரேக்க மொழி நூல். எகிப்திலிருந்து வந்துபோன, பெயர் தெரியாத வியாபாரி ஒருவர் கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதியது. 'எரித்ரேயக் கடலின் பெரிப்ளஸ்' என்று அதைச் சொல்கிறார்கள். அந்த மனிதருக்குக் கவிதையில் நாட்டம் கிடையாது. எந்தத் துறையில் என்ன விற்கலாம், என்ன வாங்கலாம், எங்கே பாறை, எங்கே கள்ளர் பயம் என்று கணக்குப்பிள்ளையைப் போலக் குறித்துக்கொண்டு போகிறார். மேற்குக் கரையில் முசிறியும் தொண்டியும் வருகின்றன. அப்புறம் குமரி. பிறகு முத்துக் குளிக்கும் கொற்கை. கிழக்குக் கரையில் கமரா, பொதுகா, சோபட்மா என்று மூன்று துறைகளை வரிசையாகச் சொல்கிறார். கமரா என்பது காவிரிப்பூம்பட்டினம். பொதுகா புதுச்சேரியை அடுத்த அரிக்கமேடு. சோபட்மா மரக்காணம் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள்.

அந்த நாளில் துறைகளைத் தேர்ந்தெடுத்தது காற்று. ஆடிக் காற்றுக் காலத்தில் செங்கடல் வழியாகப் புறப்பட்ட கப்பல், அரபுக் கரையின் முனையிலிருந்து நாற்பது நாளில் முசிறி சேரும் என்று ரோமாபுரிப் பிளினி எழுதிவைத்தார். திரும்ப வேண்டுமானால் மார்கழி வாக்கில் வாடைக் காற்று வரும் வரையில் காத்திருக்க வேண்டும். இன்றைக்குப் பிரயாணி, 'இந்த ஊரில் எட்டு மணி நேரம்தானா?' என்று குறைப்படுகிறார். அன்றைக்குப் பிரயாணி, 'இந்த ஊரிலா நாலு மாசம்?' என்று குறைப்பட்டிருப்பார்!

தமிழில் கல்லில் வெட்டிய துறைமுகப் பட்டியல் ஒன்றும் உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் முதலாம் ராஜேந்திர சோழனின் கடற்படை 1025-ஆம் ஆண்டை ஒட்டிக் கீழ்க்கடலில் வென்ற ஊர்களின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், மாநக்கவாரம், கடாரம் என்று பன்னிரண்டுக்கு மேற்பட்ட பெயர்கள். மாநக்கவாரம் என்பது நிக்கோபார். கடாரம் என்பது இன்றைய கெடா. நம் அண்ணாச்சி இரண்டு தடவை பார்த்து அலுத்துப்போன பினாங்குத் தீவுக்கு எதிர்க் கரை. அந்த யாத்திரையை உல்லாச யாத்திரை என்று சொல்ல முடியாது. போன இடமெல்லாம் கொள்ளையும் போரும்தான். ஆனால் ஊர்களின் எண்ணிக்கையைப் பார்த்தால், ஆயிரம் வருஷத்துக்கு முன் நாகப்பட்டினத்துக்கும் மலேயாக் கரைக்கும் நடுவே எத்தனை துறைகள் தமிழனுக்குப் பழக்கமாக இருந்தன என்பது தெரிகிறது. படையெடுப்புக்குச் சுமார் இருபது வருஷத்துக்கு முன்புதான், அதே ஸ்ரீவிஜயத்து அரசர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளியைக் கட்டுவித்தார். ராஜராஜ சோழர் அதற்கு ஆனைமங்கலம் என்ற கிராமத்தைத் தானம் செய்தார். அயல் நாட்டுக் கப்பல் வந்து நிற்கும் துறை என்றால், அங்கே அயல் நாட்டவர் கும்பிட ஒரு கோயிலும் இருக்கும். துறைமுகம் என்பதற்கு அதுதான் அடையாளம்.

காற்றுக்கு அடுத்த எஜமான் மண்.

கொற்கை என்ற ஊரை இப்போது போய்ப் பார்க்கிறவர்கள் ஏமாந்துபோவார்கள். பாண்டியர்களின் முத்துத் துறை, இன்று வயலும் வாழையும் சூழ்ந்த சிற்றூர். கடல் பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. தாமிரபரணி ஆண்டுதோறும் கொண்டுவந்து கொட்டிய வண்டல், துறையை மூடி நிலமாக்கிவிட்டது. கொற்கை மேடிட்டதும் வியாபாரம் காயலுக்கு நகர்ந்தது. 1290-களில் சீனாவிலிருந்து ஊர் திரும்பிய மார்க்கோ போலோ காயலைக் கண்டு, ஏடனிலிருந்தும் ஹோர்முஸிலிருந்தும் குதிரைகளோடு கப்பல்கள் வந்து நிற்கும் பெரிய பட்டினம் என்று வியந்தார். காயலையும் மண் விடவில்லை. அதுவும் தூர்ந்தது. பிறகு தூத்துக்குடி தலையெடுத்தது. போர்ச்சுகீசியரும், 1658 முதல் டச்சுக்காரரும் அங்கே உட்கார்ந்தார்கள். ஒரே ஆறு, ஒரே முத்துக் கடல், மூன்று துறைமுகங்கள். ஒன்று செத்து மற்றொன்று பிறந்தது. இந்த விஷயத்தில் வரலாறு ஒரு பாடம் சொல்கிறது. அரசனின் ஆணைக்குக் கப்பல் வந்து நிற்பதில்லை. தண்ணீரின் ஆழத்துக்குத்தான் வந்து நிற்கிறது.

நீராவிக் கப்பல் வந்த பிறகு மூன்றாவது எஜமான் தோன்றினான்: நிலக்கரியும் தபாலும். பாய்மரக் கப்பலுக்குக் கரி வேண்டாம். நீராவிக் கப்பலோ வழியில் கரி போடும் ஊரில் நின்றே ஆக வேண்டும். அரசாங்கம் தபாலை எங்கே இறக்கச் சொல்கிறதோ அங்கேயும் நின்றாக வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்து சில ஊர்களைத் தூக்கிவிட்டன. பல ஊர்களைத் தள்ளிவிட்டன. இலங்கையில் காலித் துறை அப்படித்தான் பின்னுக்குப் போனது. கொழும்பில் 1875-ல் அடிக்கல் நாட்டி ஒரு பெரிய அலைதடுப்புச் சுவர் கட்டினார்கள். அது முடிந்ததும், ஐரோப்பாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கும் சீனாவுக்கும் போகும் கப்பல்களெல்லாம் கொழும்பில் நிற்க ஆரம்பித்தன. ஒரு சுவர் ஊரின் தலையெழுத்தை மாற்றியது.

நம் தூத்துக்குடிக்கு அப்படி ஒரு சுவர் அப்போது வாய்க்கவில்லை. 1876-ல் மதுரையிலிருந்து ரயில் வந்துவிட்டது. ஆனால் கடல் ஆழம் இல்லை. பெரிய கப்பல் கரைக்கு ஐந்தாறு மைல் தூரத்தில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். மூட்டையும் மனிதரும் படகில் போய் ஏற வேண்டும். எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் மாட்டு வண்டியில் சாத்தூருக்கோ கோவில்பட்டிக்கோ போய், அங்கே ரயில் ஏறித் தூத்துக்குடி போய், அப்புறம் படகு ஏறி, அதற்கப்புறம் கப்பல் ஏறி, கொழும்பில் கால் வைத்தன. ராஜபாளையம் வழியாக விருதுநகர்–தென்காசி ரயில் ஓடத் தொடங்கியது 1927-ல்தான்.

அந்தத் தூத்துக்குடி–கொழும்பு வழியைத்தான் ஒட்டப்பிடாரத்து வக்கீல் வ. உ. சிதம்பரம் பிள்ளை தம் போராட்டத்துக்குக் களமாகத் தேர்ந்தெடுத்தார். பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி என்ற வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்றுதான் அங்கே கப்பல் விட்டுக்கொண்டிருந்தது. அது சொன்னதே கட்டணம். அது நின்றதே துறை. 1906 அக்டோபரில் சிதம்பரம் பிள்ளை சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பத்து லட்ச ரூபாய் மூலதனத்தில், பங்கு ஒன்றுக்கு இருபத்தைந்து ரூபாய் என்று வைத்துப் பதிவு செய்தார். மறு வருஷம் 'காலியா', 'லாவோ' என்ற இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன. எதிர்க் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. பிறகு இலவசமாகவே ஏற்றிக்கொள்கிறேன் என்றது. 1908 மார்ச்சில் சிதம்பரம் பிள்ளை கைதானார். 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது.

இந்தக் கதையைத் தேசபக்திக் கதையாகவே நாம் படித்துப் பழகிவிட்டோம். அது சரிதான். ஆனால் அதற்குள் நம் விஷயமும் இருக்கிறது. கப்பல் எந்தக் கரையைத் தொட வேண்டும், என்ன கட்டணம் வாங்க வேண்டும் என்பதைக் கரையில் இருக்கிறவனே தீர்மானிக்க வேண்டும் என்று முதல் முதலில் துணிந்து கேட்ட தமிழர் அவர். அந்தக் கேள்விக்கு விலை கோயமுத்தூர்ச் சிறையின் செக்கு.

அதற்குப் பிறகு இரண்டு பெரிய வழிகள் நம் கடற்கரையில் நிலைபெற்றன. முதலாவது தனுஷ்கோடி. 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்தது. மார்ச் மாதத்திலிருந்து ரயிலும் கப்பலும் இணைந்தன. சென்னை எழும்பூரில் ரயில் ஏறுகிறவர் தனுஷ்கோடியில் இறங்கி, எதிரே நிற்கும் கப்பலில் ஏறி, சுமார் இருபத்திரண்டு மைல் கடலைத் தாண்டித் தலைமன்னாரில் மறுபடி ரயில் ஏறிக் கொழும்பு போகலாம். 'போட் மெயில்' என்று பாட்டிமார்கள்கூடச் சொன்ன வண்டி அது. துரைமார்களுக்கு அது சௌகரியமான பிரயாணம். தோட்டத்துக்குப் போகிற தொழிலாளிக்கு அப்படி இல்லை. மண்டபம் முகாமில் நாள் கணக்கில் தங்கி, வைத்தியப் பரிசோதனை முடிந்து, சீட்டுக் கட்டிக்கொண்ட பிறகுதான் அவனைக் கடல் தாண்ட விட்டார்கள்.

இரண்டாவது வழி 'ரஜுலா'. 1926-ல் ஸ்காட்லாந்தில் கட்டி, அதே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி விட்ட கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர்: இதுதான் அதன் பாதை. ஏறக்குறைய நாற்பத்தேழு வருஷம், போர்க் காலம் போக, இதே பாதையில் போய் வந்தது. ஆரம்பத்தில் ஐயாயிரம் பேருக்கு மேல் ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. அவர்களில் அநேகமாக எல்லாரும் மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்தவர்கள். பினாங்கு போனதும் ஜெரஜாக் தீவில் நோய்த் தடுப்பு முகாமில் இறங்கிக் காத்திருந்தவர்கள். ரஜுலாவில் போனவர் யாரும் அதே பினாங்கா என்று அலுத்துக்கொண்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. அவர்களுக்குப் பினாங்கு பார்க்கிற ஊர் அல்ல, பிழைக்கிற ஊர்.

பார்ப்பதற்காகவே கப்பலில் போகிற பழக்கம் இதற்கெல்லாம் நடுவில்தான் உண்டாயிற்று. 1844-ல் ஒரு கப்பல் கம்பெனி, ஆங்கில நாவலாசிரியர் தாக்கரேக்கு இலவசச் சீட்டுக் கொடுத்து மத்தியதரைக் கடலைச் சுற்றிவரச் சொன்னது. ஜிப்ரால்டர், மால்டா, ஏதென்ஸ், கான்ஸ்டாண்டிநோபிள், கெய்ரோ என்று சுற்றிவிட்டு அவர் புத்தகம் எழுதினார். நாவல் எழுதுகிறவனை எதற்குப் பயன்படுத்தலாம் என்று அந்தக் காலத்துக் கம்பெனிக்காரருக்குத் தெரிந்திருக்கிறது! 1891 ஜனவரியில் ஜெர்மானியர் ஆல்பர்ட் பாலின், 'ஆகுஸ்டா விக்டோரியா' என்ற தம் கம்பெனியின் கப்பலில் 241 பேரை ஏற்றிக்கொண்டு இரண்டு மாதம் மத்தியதரைக் கடலைச் சுற்றினார். குளிர் காலத்தில் அட்லாண்டிக் கடலைத் தாண்ட ஆள் வராது. கப்பல் சும்மா கிடக்கும். சும்மா கிடக்கிற கப்பலுக்கு வேலை கொடுக்கவே அந்தச் சுற்றுலா. உல்லாச யாத்திரை பிறந்த ரகசியம் இதுதான். பிரயாணியின் ஆசைக்காகப் பாதை உண்டாகவில்லை. கப்பலின் வரவு செலவுக்காக உண்டாயிற்று.

இன்றைக்கும் அதே கணக்குத்தான். உல்லாசக் கப்பல் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு துறையை விட்டால் காலை எட்டு மணிக்கு அடுத்த துறையில் நிற்க வேண்டும். பதினாலு மணி நேரம். மணிக்குப் பதினெட்டுக் கடல் மைல். ஆகமொத்தம் இருநூற்றைம்பது கடல் மைல். ஒரு ராத்திரியில் அதற்குள் இருக்கிற ஊர்தான் தொடக்கூடிய ஊர். அதற்கு அப்பால் போக வேண்டுமானால் ஒரு பகல் முழுவதும் மதினி சொன்ன 'வெறும் தண்ணீர்'. வேகத்தைக் கூட்டினால் எண்ணெய்ச் செலவு மளமளவென்று ஏறும். சரி, அந்த வட்டத்துக்குள் இருக்கிற எல்லா ஊரிலும் நிற்கலாமே என்றால், மூவாயிரம் பேரை ஏற்றிய கப்பலுக்கு ஆழமான துறை வேண்டும். மூவாயிரம் பேரை ஏற்றிச் செல்லப் பஸ் வேண்டும். சுங்கச்சாவடியும் குடிவரவு அதிகாரியும் வேண்டும். இவ்வளவும் இருக்கிற ஊர்கள் சிலவே. ஆகவே எல்லாக் கம்பெனிகளும் அங்கேயே போய் மோதுகின்றன. ஒரு கம்பெனி 1977-ல் இதற்கு வேறொரு வழி கண்டது: கிரேட் ஸ்டிரப் கே என்ற ஒரு குட்டித் தீவையே தனக்கென்று பிடித்துத் தன் கப்பலை மட்டும் அங்கே நிறுத்திக்கொண்டது. அப்புறம் மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். பணம் கொடுத்து வேறு வேறு ஊர் பார்க்கக் கிளம்பிய பிரயாணி, கடைசியில் ஊரே இல்லாத ஒரு தீவில் கம்பெனியின் சாப்பாட்டையே சாப்பிட்டுத் திரும்புகிறார்.

நம் கரையில் நடந்தது வேறு. இங்கே துறைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்தப்பட்டன.

1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. ரயில் ஒன்று பிரயாணிகளோடு கடலில் போயிற்று. கப்பல் அப்புறம் ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னார் போய் வந்தது; இலங்கையில் கலவரமும் போரும் மூண்டதில் 1984-ஓடு அதுவும் நின்றது. ரஜுலா 1973-ல் ஓய்ந்தது. அதன் இடத்துக்கு வந்த 'சிதம்பரம்' என்ற கப்பல் 1985 பிப்ரவரியில் நாகப்பட்டினத்தை நோக்கி வரும்போது தீப்பிடித்தது. நாற்பது பேர் வரையில் மாண்டார்கள். அத்தோடு மலேயா வழியும் முடிந்தது. இருபத்தொரு வருஷத்துக்குள், இரண்டாயிரம் வருஷமாகத் திறந்திருந்த கதவுகள் சாத்தப்பட்டுவிட்டன. சென்னையிலிருந்து அந்தமானுக்குப் போகிற கப்பல் ஒன்றுதான் மிச்சம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், தூத்துக்குடிக்கு ஆழமான துறைமுகம் கிடைத்ததும் இதே காலத்தில்தான். 1974-ல் அது பெருந்துறைமுகம் ஆயிற்று, 2011-ல் வ. உ. சிதம்பரனார் பெயரையும் பெற்றது. பெயர் வைத்த அதே வருஷம் ஜூன் மாதம் கொழும்புக்குப் பிரயாணிக் கப்பல் ஒன்று கிளம்பியது. நவம்பரில் நின்றுவிட்டது. சரக்குப் பெட்டிகள் மலை மலையாகப் போய் வருகின்றன. மனிதன்தான் போவதில்லை.

அரசாங்கத்தின் பேனா நான்காவது எஜமான். காற்றையும் மண்ணையும் கரியையும்விட இதுவே பலசாலி. 2022 ஜூனில் சென்னையிலிருந்து ஓர் உல்லாசக் கப்பல் புறப்பட்டது. அதன் பாதைகளில் ஒன்று சென்னை, கடல், மறுபடி சென்னை. இன்னொன்று விசாகப்பட்டினம் போய்ப் புதுச்சேரி வழியாகத் திரும்புவது. கப்பலில் சூதாட்டம் உண்டு என்பதால் புதுச்சேரி அரசு அப்போது அனுமதி தரவில்லை. அரிக்கமேட்டில் ரோமானியர்களை இறக்கிய கடற்கரை அது! அடுத்த வருஷம் ஜூனில் அதே வகையில் ஒரு பிரயாணம் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைத் துறைகளைத் தொட்டது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குச் சின்னக் கப்பல் ஒன்று போயிற்று. சில நாளில் மழைக் காலம் வந்து நின்றது. 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற வேறொரு கப்பல் அதே வழியில் மீண்டும் கிளம்பியது. அறுபது கடல் மைல். நாலு மணி நேரத்துப் பயணம். இந்த அறுபது மைலுக்கு நாம் காத்திருந்தது நாற்பது வருஷம்.

இனி நான் கண்ட முடிவைச் சொல்லிவிடுகிறேன். இன்னும் நிறைய ஊர்களைப் பார்க்க வேண்டும் என்று கப்பல் கம்பெனியிடம் கேட்பது, ரொட்டிக்கடையில் போய் இட்லி கேட்பது போல. கம்பெனியால் ஊரை உண்டாக்க முடியாது. தீவை வேண்டுமானால் வாங்கும். ஊரைக் கரையில் இருக்கிறவர்கள்தான் உண்டாக்க வேண்டும். கொழும்பைக் கொழும்பாக்கியது ஒரு சுவர். நாகப்பட்டினத்தை மறுபடி எழுப்பியிருப்பது ஒரு தூர் வாரிய வாய்க்காலும், ஒரு சுங்க அறையும், நூற்றைம்பது பேர் ஏறக்கூடிய ஒரு கப்பலும்.

ராத்திரிக் கணக்கை நம் கரைக்கே போட்டுப் பாருங்கள். சென்னையிலிருந்து நாகப்பட்டினம் சுமார் நூற்று நாற்பது கடல் மைல், காங்கேசன்துறை இருநூறு, திருகோணமலை இருநூற்றெண்பது. தூத்துக்குடியிலிருந்து கொழும்பு நூற்றைம்பது. எல்லாம் ஒரு ராத்திரித் தூரம், அல்லது அதற்குக் கொஞ்சம் கூட. புதுச்சேரியும் தரங்கம்பாடியும் பூம்புகாரும் இடையிலேயே இருக்கின்றன. 1620-ல் டென்மார்க்கிலிருந்து வந்த கப்பல் தரங்கம்பாடியைத் தேடி வந்து நின்றது. இன்று பக்கத்து மாவட்டத்துக் கப்பல்கூட அங்கே நிற்பதில்லை. பாக் நீரிணையில் ஆழம் கிடையாது என்பது உண்மைதான். ராமர் பாலத்து மணல் திட்டுகளில் சில இடங்களில் ஆள் மட்டம்கூட இல்லை. மூவாயிரம் பேர் கப்பல் அங்கே வராது. வரவும் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். வெனிஸ் நகரம் பெரிய கப்பல்களைத் தாங்கமாட்டாமல் தவித்து, 2021 ஆகஸ்டிலிருந்து தன் வாசல் வாய்க்காலில் அவற்றுக்குத் தடை போட்டுவிட்டது. தரங்கம்பாடியின் ஒற்றை ராஜவீதியில் ஒரே காலையில் மூவாயிரம் பேர் இறங்கினால் பார்க்கிறவர்களுக்கும் சுகமில்லை, பார்க்கப்படுகிறவர்களுக்கும் சுகமில்லை. இருநூறு பேர் கப்பல் போதும். அது நங்கூரம் பாய்ச்சி நிற்கட்டும். நம் மீனவர்கள் படகில் அவர்களைக் கரை சேர்க்கட்டும். தூத்துக்குடியில் நூறு வருஷத்துக்கு முன் அப்படித்தானே செய்தார்கள்?

ஆனால் வெறும் வேடிக்கை பார்க்கிறவர்களுக்காக இவ்வளவு சிரமம் எதற்கு என்று கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பார்க்கப் போகிறவனும் பிழைக்கப் போகிறவனும் ஒரே படித்துறையில்தான் ஏறுகிறார்கள் என்பதே என் பதில். போட் மெயிலில் துரையும் போனார், தோட்டத் தொழிலாளியும் போனான். ஒரு கரையில் அக்காவும் மறு கரையில் தங்கையும் இருக்கிற குடும்பங்கள் இன்றைக்கும் இருக்கின்றன. யாழ்ப்பாணத்துக் கல்யாணத்துக்கு நாகப்பட்டினத்து மாமன், விமானத்துக்குச் சொத்தை விற்காமல் சீர்த் தட்டோடு போய் இறங்க வேண்டுமானால் கப்பல் வேண்டும். உல்லாசப் பிரயாணியின் டிக்கெட் அந்தப் படித்துறையைத் திறந்து வைத்திருக்குமானால், அவர் அலுப்புக்கும் ஒரு புண்ணியம் உண்டு.

தூத்துக்குடிக்குத் தெற்கே குலசேகரப்பட்டினம் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஒரு காலத்தில் அதுவும் கப்பல் வந்து நின்ற துறை. 1914 முதல் 1940 வரையில் அங்கே குட்டி ரயில்கூட ஓடியது. கப்பலும் போயிற்று, ரயிலும் போயிற்று. 2024 பிப்ரவரியில் அதே ஊரில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். மிக்க சந்தோஷம். ஆகாயத்துக்குப் போக ஒரு துறை கட்டுகிற நாம், அறுபது மைல் தள்ளி இருக்கிற உறவினர் வீட்டுக்குப் போகவும் நாலைந்து துறைகளைத் தூர் வாரி வைத்துக்கொண்டால் என்ன?